பெற்றோல் போடாதவர்

கண்டிப் பக்கம் ஒரு புது வகை மனிதர் பெருகி வருகிறார். நீங்கள் அவரைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். அவர் வருவது மட்டும் காதில் விழுந்திருக்காது, ஏனென்றால் அவருடைய வாகனம் சத்தம் போடாது. அந்தக் குறையை அவர் வந்து இறங்கியதும் வாயால் தீர்த்துவைப்பார். உங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய கண் சுவரின் அடிப்பக்கமாக ஓடும். நீங்கள் "வாங்க, உக்காருங்க" என்பீர்கள். அவர் "பிளக் பொயின்ட் எங்க இருக்கு?" என்பார். இவர்தான் பெற்றோல் போடாதவர். பெற்றோல் கிடைக்காதவர் வேறு, அது ஒரு காலத்தில் நாட்டுக்கே வந்த கஷ்டம். இவர் கையில் வசதி இருந்தும், வழியெல்லாம் பெற்றோல் ஷெட் இருந்தும், டாங்கி காய்ந்து கிடந்தும் போடாதவர்.

பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருவரையே எடுத்துக்கொள்வோம். பிலிமத்தலாவையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சேதுராமன், வீடு கட்டுகஸ்தோட்டையில்.

சேதுராமன் பிறவியிலேயே இப்படியில்லை. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில், அவரும் தம்முடைய பழைய காருக்குள் மூன்று நாள் படுத்து, எழுந்து, வெறுந்தேத்தண்ணி குடித்து, முன்னால் நின்றவரோடு சண்டை பிடித்து, பின்னால் நின்றவரோடு சிநேகமாகி, ஒருவழியாக ஷெட்டின் வாசலை எட்டியபோது, ஒருவன் வந்து கயிற்றைக் கட்டி 'பெற்றோல் இல்லை' என்ற அட்டையைத் தொங்கவிட்டான். சேதுராமன் அழுதார். உண்மையாகவே அழுதார். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கு மனதுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டார். அந்தச் சத்தியத்தில் தப்புக் கண்டுபிடிக்க நமக்கு வாய் வராது.

அதன் பலன்தான் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு டொக்டரிடமிருந்து வாங்கிய அந்தக் கறுப்புக் கார். நீளமான, பளபளப்பான, இருக்கை முதுகைப் பிடித்துவிடுகிற, உள்ளுக்குள் கோயில் சந்நிதிபோலக் குளிருகிற சொகுசுக் கார். பற்றரியிலும் ஓடும், பெற்றோலிலும் ஓடும். வீட்டுச் சுவரில் செருகி வைத்தால் ஐம்பது கிலோமீட்டருக்குப் பெற்றோல் தேவையில்லை. கடைக்குப் போய்வர இருபத்தாறு கிலோமீட்டர். கணக்குச் சரியாக இருந்தது. எட்டு மாதமாக அவர் ஷெட் பக்கம் திரும்பவில்லை, ஷெட்டைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து உள்ளே நிற்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பார்.

இந்தக் காரின் நன்மைகளை அவர் சொல்லக் கேட்காதவர் கட்டுகஸ்தோட்டையில் குறைவு. சத்தமில்லை. புகையில்லை. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பற்றரி தானாகவே ஏறும். "கடுகண்ணாவை மேட்டுல இருந்து இறங்குனா அந்தக் கார் நமக்குக் கரண்ட் தருது தெரியுமா?" என்பார். மேட்டில் ஏறும்போது அது என்ன தரும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு இன்னும் நீளும்.

தீமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவர் மனைவி கஜலட்சுமி. அவளை யாரும் கேட்கவில்லை. ஏசி போட்டால் பற்றரி இறங்கும், ஆகவே ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கினால் காற்று இழுத்து பற்றரி இறங்கும், ஆகவே அதுவும் கிடையாது. முதுகைப் பிடித்துவிடும் இருக்கையின் பொத்தானில் சேதுராமன் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். டிக்கியில் பாதியைப் பற்றரியே பிடித்துக்கொண்டது, மீதிப் பாதியில் சார்ஜ் போடும் வயரும், முப்பது மீற்றர் நீட்டு வயரும். காரின் சொந்த எஞ்சின் எப்போதாவது தானாக உறுமினால், சேதுராமன் சபையில் யாரோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல முகத்தைச் சுளிப்பார். பெற்றோல் முள் அடியைத் தொட்டு, மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"விளக்கு எரியுதுங்க" என்றாள் கஜலட்சுமி.

"அது சும்மா சொல்லும். அதுக்கு அதான் வேலை."

இந்த நிலைமையில்தான் மகன் ஸ்ரீதரனுக்குப் பரிசம் போடும் நாள் வந்தது.

பெண் துஷ்யந்தி, புசல்லாவையில் டீச்சர். கண்டி பஸ்ஸில் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் வந்து, பிறகு இரண்டு வீட்டாரையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்த பிள்ளைகள். பெண்ணின் அப்பா கணபதி தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். மூத்த மகளுக்கு வந்த சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டார் நேரம் தவறி வந்து, அந்தப் பேச்சில் வார்த்தை முற்றி, முறிந்துபோயிருந்தது. ஆகவே கணபதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பத்து இருபதுக்குள்ள தட்டு மாத்திரணுங்க. அதுக்கு மேல நேரம் நல்லா இல்ல."

"பத்து இருபதா? நாங்க ஒம்பதுக்கே வாசல்ல நிப்போம்" என்றார் சேதுராமன். அந்த வாசலில் கறுப்புக் கார் நிற்கும் காட்சி அவருக்கு அப்போதே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டார்கள். சொந்தக்காரர்கள் பதினொரு பேர், கஜலட்சுமியின் அண்ணன் சின்னமுத்துவின் பழைய டீசல் வேனில். அந்த வேனைச் சேதுராமன் 'கரிச்சட்டி' என்றுதான் சொல்வார். காரில் அவர், கஜலட்சுமி, ஸ்ரீதரன், அவன் தங்கச்சி புஷ்பம். டிக்கியில் இடமில்லாததால் பரிசத் தட்டுகள் மூன்று பேருடைய மடியிலும் இருந்தன. பட்டுச் சேலைத் தட்டு, பழத் தட்டு, வெற்றிலைத் தட்டு. ஏசி இல்லை. கண்ணாடியும் மூடியிருந்தது. புஷ்பம் வெற்றிலையால் விசிறிக்கொண்டாள்.

பேராதனையில் கரிச்சட்டி ஹோன் அடித்து முந்திப் போனது. சேதுராமன் நாற்பதுக்கு மேல் அழுத்தவில்லை. கம்பளை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதற்குப் பிறகு ரோட்டு ஏறத் தொடங்கியது. நம் ஊரில் ரோட்டு ஏறும் என்பது சேதுராமனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் என்று திரையில் எழுதியிருந்தது, ரோட்டைவிட அவர் திரையை நம்பினார். தேயிலைக்கு நடுவே ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு இரண்டாகக் குறைந்து, கடைசியில் பற்றரி தீர்ந்தது. எஞ்சின் எழுந்தது. இரண்டு தடவை இருமிற்று. நின்றது.

மணி ஒன்பது இருபத்தைந்து. புசல்லாவைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்.

நல்ல காலம், முப்பது மீற்றர் வயர் எட்டும் தூரத்தில் நபீல் என்பவரின் தேத்தண்ணிக் கடை இருந்தது. சேதுராமன் பட்டு வேட்டியோடு வயரை இழுத்துக்கொண்டு போனார்.

"கேத்தல் பொயின்ட்ட உட்டா ஒரு பொயின்ட்தான் ஈக்கிது சேர். அதுல ஐஸ்கிரீம் பெட்டி ஓடுது" என்றார் நபீல்.

"ஐஸ்கிரீம் எல்லாத்தையும் நானே வாங்கிக்கிறேன்."

நபீல் காரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய காருக்கு என்ட கடையிலிருந்தா கரண்ட்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டார்.

அதற்குள் ஸ்ரீதரன் மாமாவுக்குப் போன் எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தான். சின்னமுத்து பெண் வீட்டை எப்போதோ அடைந்திருந்தார். "உங்க காருக்குன்னே வேன்ல ஒரு கேன் பெற்றோல் வச்சிருக்கேன் மச்சான், பத்து நிமிசத்துல கொண்டாறேன்" என்றார்.

ஒரு கேன். பத்து நிமிடம். சேதுராமன் போனைப் பிடித்தபடி நின்றார். எட்டு மாதம். அந்தக் கயிறு, அந்த அட்டை, அந்த அழுகை. அதையெல்லாம் இந்தக் கரிச்சட்டிக்காரன் வந்து ஒரு பிளாஸ்டிக் கேனால் அழித்துவிடுவதா?

"வேணாம் மச்சான். அரை மணித்தியாலம் சார்ஜ் ஏறுனா போதும், வந்துருவோம்."

ஸ்ரீதரன் நெற்றியில் வியர்வை ஓடியது, அது ஏசியில்லாத வியர்வை மட்டுமல்ல. ஒன்பது நாற்பதுக்கு நுவரெலியா பஸ் ஒன்று வளைவில் திரும்பியது. முப்பது வருடத்தில் கணவனைக் கேட்காமல் ஒன்றும் செய்யாத கஜலட்சுமி, சேலைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடு ரோட்டில் நின்று கையை நீட்டினாள்.

"ஏறுடா" என்றாள் மகனிடம். பிறகு கணவனிடம், "நீங்களும் வாங்க."

"காரை இப்பிடியே விட்டுட்டா? நீங்க போங்க, நான் பின்னாலயே வந்துருவேன். தட்டு மாத்த இன்னும் நேரம் இருக்கு."

மூன்று பேரையும் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. சேதுராமன் அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் கடையில் நாலு பேர் காரைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் "இது பெற்றோலா, கரண்டா?" என்று கேட்டுவிட்டார். பெற்றோல் போடாதவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? சேதுராமன் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் தொடங்கினார். இறக்கம் முடிந்து, டொக்டர் முடிந்து, புகை முடிந்து அவர் திரும்பிப் பார்த்தபோது மணி பத்து ஐந்து. கார் மூன்று சதவீதம் காட்டியது. பதினைந்து நிமிடத்துக்கு முன்பும் அது மூன்றுதான்.

"கேத்தலைப் போட்டன் சேர், ட்ரிப் சுவிட்ச் உழுந்து கரண்ட் போயிட்டு. நீங்க பேசிட்டு ஈந்தீங்க" என்றார் நபீல்.

சுவிட்சைத் தூக்கிவிட்டு மறுபடியும் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, பத்து நாற்பதுக்குக் கறுப்புக் கார் கணபதியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. எவ்வளவு நாளாக அவர் கனவு கண்ட வருகை அது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டால்தானே. சேதுராமன் தானே கதவைத் திறந்து, தானே இறங்கி, தானே படியேறினார்.

உள்ளே பந்தி போட்டிருந்தார்கள். துஷ்யந்தி புதுச் சேலையில் இருந்தாள். பத்துப் பதினைந்து வரை கணபதி ரோட்டைப் பார்த்தபடி நின்றாராம். பிறகு தாய்மாமன் என்ற முறையில் சின்னமுத்து தட்டை மாற்றினாராம். தகப்பன் உயிரோடும் உடல் நலத்தோடும் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அது. புஷ்பம் போனில் படத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் கணபதி. மறுபக்கம் கரிச்சட்டிக்காரர், சட்டைக் கையில் டீசல் கறையோடு, முகமெல்லாம் சிரிப்பாக. அந்த இடத்தில் தான் நின்றிருக்க வேண்டும் என்பது சேதுராமனுக்குப் புரிந்தது. இந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. பேரப்பிள்ளைகள் "தாத்தா எங்கே?" என்று கேட்கும்.

"வாங்க சம்பந்தி" என்று கணபதி கையைப் பிடித்தார். "நேரம் போயிரும்னு உங்க மச்சானையே மாத்தச் சொல்லிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

ஸ்ரீதரன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாக இல்லை, ஒரு சொல்லுக்காக. சேதுராமனும் அதைத்தான் சொல்ல நினைத்தார். 'மன்னிச்சுக்கடா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்தார், கண் தரையில் ஓடியது, தரையிலிருந்து சுவரின் அடிப்பக்கத்துக்குப் போனது, கதிரைக்குப் பின்னால் போய் நின்றது.

"சம்பந்தி, அந்தப் பொயின்ட் வேலை செய்யுதா?" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களிடம் கறுப்புக் கார் இல்லை. ஆனால் போன ஆவணியில் உங்கள் சொந்தத் தங்கச்சி மகளின் கல்யாணத்தில், முன்வரிசையில் உங்களுக்கென்று போட்ட கதிரை காலியாகக் கிடக்க, மண்டபத்தின் பின்மூலையில் சுவரோடு ஒட்டி, பதினாலு சதவீதத்தில் இருந்த போனைக் கையில் பிடித்தபடி வயர் எட்டும் தூரத்துக்குள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கெட்டிமேளம் கொட்டியபோதும் அவர் அங்கேயேதான் நின்றார். தாலி கட்டியதை அவர் கண்டாரா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.