என் பெயரில் போன சினேகிதம்

நீர்வேலி தெற்கு,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய பத்திராதிபர் அவர்களுக்கு,

நீர்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் நா. அருளம்பலம் மிக்க வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்பானாக. இங்கு நானும் என் மனைவி கனகாம்பிகையும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முறைக்காகப் பொய் எழுத எனக்கு இப்போது மனமில்லை. எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அதை ஏற்றிவிட்டவர்கள் யாரென்று ஊரறியத் தங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டி கட்டிப் பின்வரும் வாசகத்தைப் போட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்: 'அருளம்பலம் என்ற பெயரில் யாருக்காவது நட்பு அழைப்பு வந்திருந்தால் அதை அருளம்பலம் அனுப்பவில்லை. விசேடமாக, தன் மச்சான் கேதீஸ்வரனுக்கு அவர் அனுப்பவில்லை. இனி அனுப்பப் போவதுமில்லை.'

கேதீஸ்வரன் யாரென்று தாங்கள் கேட்கலாம். என் மனைவியின் தமையன். வாழைத்தோட்டக்காரர். எங்கள் வீட்டுக்குப் பின்வேலிதான் அவர் வீட்டுக்கு முன்வேலி. என் மாமனார் காலமானபோது தங்கள் பத்திரிகையில் மரண அறிவித்தல் கொடுத்தவர் அவரே. அந்த அறிவித்தலில் கனடா மருமகன் பெயர் இருந்தது, செத்தவீட்டுக்கே வராத கொழும்பு மருமகன் பெயர் இருந்தது, மாமாவை ஆசுபத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கி ஏற்றித் தூக்கி இறக்கிய என் பெயர் இல்லை. ஏனென்று கேட்டேன். "அச்சடிச்சவங்கள் விட்டிட்டாங்கள்" என்றார். ஐயா, தங்கள் அச்சுக்கூடத்தில் அருளம்பலத்தை மட்டும் விழுங்கும் யந்திரம் ஏதும் இருக்கிறதா? நான் தங்களைக் குறை சொல்லவில்லை. அன்றைக்குத் தொடங்கியது எங்கள் கோவம். எங்கள் ஊரில் கோவம் என்றால் கத்துவதல்ல, கதைக்காமல் விடுவது. நன்மை தின்மைக்குப் போவதில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் சைக்கிள் சங்கிலியைப் பார்ப்பார். மாமாவின் துவசம் ஒரே திதியில் இரண்டு வீட்டில் நடக்கும், ஐயர் அங்கே முடித்துவிட்டு இங்கே வருவார், மாமா எந்த வீட்டில் சாப்பிடுகிறாரோ தெரியாது. இந்தக் கோவத்துக்கு ஒரேயொரு சட்டம்தான் உண்டு: முதலில் கதைப்பவர் தோற்றவர். இத்தனை வருடமாக நான் கதைக்கவில்லை. என் வேட்டி தன்பாட்டில் காற்றுக்குப் பறந்து அவர் வளவுக்குள் விழுந்தபோதும் நான் கேட்கவில்லை. வேட்டி போனால் போகட்டும் என்று விட்டேன். அப்படிக் காப்பாற்றிய மானத்தைத்தான் ஒரு கொம்பனி வாங்கிவிட்டது.

அந்தக் கொம்பனியின் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன், எழுதினால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். சமூக வலைத்தளமாம். சமூகமும் இல்லை, மண்ணுமில்லை. நோர்வேயில் இருக்கும் என் மருமகன், தங்கச்சியின் பெடியன் பார்த்தீபன் என்னை அங்கே அழைப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. 'பார்த்தீபன் உங்களுக்காகக் காத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தது. பெடியன் குளிருக்குள் நின்று எனக்காகக் காத்திருக்கிறானே என்று மனம் இளகிச் சேர்ந்தேன். பெயர் கேட்டது, கொடுத்தேன். பிறந்த திகதி கேட்டது, கொடுத்தேன். படம் கேட்டது, ஓய்வூதியத்துக்கு எடுத்த படத்தைக் கொடுத்தேன். பிறகு, உங்கள் நண்பர்களைக் கண்டுபிடிக்க உதவுகிறோம், உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் என்ன என்று ஒரு பெட்டி வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் காலம் கழித்தவன் நான், ஐயா. படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் எனக்கு நித்திரை வராது. கட்டம் வெறுமை என்று சொல்லி எத்தனை பேரின் விண்ணப்பத்தை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே அதையும் நிரப்பினேன். அந்தக் கட்டத்துக்குக் கீழே எறும்பு அளவில் 'தவிர்க்கவும்' என்றொரு சொல் இருந்ததாம். அதைப் பெரிய எழுத்தில் போட்டால் அவர்களின் கையிலுள்ள மை முடிந்துவிடுமா? உடனே பார்த்தீபனுக்குத் தொலைபேசி எடுத்தேன், வந்துவிட்டேன் மகனே என்று சொல்ல. "மாமா, நான் உங்களுக்கு ஒண்டுமே அனுப்பேல்லை. உது தன்பாட்டிலை எல்லாருக்கும் போட்டுது. என்னை வேலையாலை நிப்பாட்டின முதலாளிக்கும் போட்டுது. நீங்கள் மட்டும் பாஸ்வேர்ட்டைக் குடுத்திடாதையுங்கோ" என்றான். புத்திமதி நல்லதுதான், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்.

என் மின்னஞ்சலில் இருந்த அத்தனை முகவரிகளையும் அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தவன் அடுக்களைக்குள் புகுந்து பானை சட்டியெல்லாம் திறந்து பார்த்த மாதிரி. ஒவ்வொரு முகவரிக்கும், என் படத்துடன், 'அருளம்பலம் உங்களுடன் சினேகமாக விரும்புகிறார்' என்று போயிருக்கிறது. சாவகச்சேரியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர். கோயில் விழா மலருக்கு அவரிடம் ஒரு கட்டுரை வாங்கியதைத் தவிர எனக்கும் அவருக்கும் வேறு தொடர்பில்லை. அவருடைய மூத்த மகன் தொலைபேசி எடுத்து, "ஐயா, அம்மாவோடை உங்களுக்கு இந்த வயசிலை என்ன சினேகிதம் வேண்டிக்கிடக்கு?" என்றான். அதைப் பக்கத்தில் நின்ற என் மனைவியும் கேட்டாள். இரண்டு நாள் அவள் என் முன்னால் தேத்தண்ணீரைச் சத்தமாக வைத்தாள். காலஞ்சென்ற ஏரம்பு மாஸ்ரருக்கும் அழைப்புப் போயிருக்கிறது. லண்டனிலிருந்து அவருடைய மகள் அழுதுகொண்டு எடுத்தாள்: "அங்கிள், அப்பா செத்தது உங்களுக்குத் தெரியாதே? நீங்கள் எட்டுச் செலவுக்கு வந்து சாப்பிட்டனீங்கள் எல்லோ?" செத்த எட்டாம் நாள் நான் போய்ச் சாப்பிட்டது உண்மை. வெள்ளவாய்க்கால் பற்றி நான் முறைப்பாடு அனுப்பிய ஓர் அலுவலகத்துக்கும் போயிருக்கிறது. வாய்க்கால் விடயமாக இன்றுவரை பதில் தராதவர்கள் இதற்கு மட்டும் பதில் தந்தார்கள். என் நட்புக் கோரிக்கையைக் கிராம அலுவலரின் சிபாரிசுடன் மீளச் சமர்ப்பிக்க வேண்டுமாம்.

இவையெல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது கேதீஸ்வரனுக்குப் போனது. அவருடைய முகவரி என்னிடம் எப்படி வந்தது என்றால், கோவத்துக்கு முந்திய காலத்தில், வாழை மானியத்துக்கு விண்ணப்பிக்க அவருக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்ததே நான்தான். நல்லது செய்து கெட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் என்னிடமிருந்து அந்தப் பக்கம் இருக்கும் அவருக்கு, அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு என் சினேகிதம் போயிருக்கிறது. அதுவும் ஒரு தரமா? பதில் வராவிட்டால் அவர்களே நினைவூட்டுவார்களாம். 'அருளம்பலம் இன்னும் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்' என்று ஒரு கிழமை போனது. 'அருளம்பலத்தை மறந்துவிட்டீர்களா?' என்று அடுத்த கிழமை போனது. ஐயா, பெற்ற தாயிடம்கூட நான் இரண்டாம் தரம் சோறு கேட்டவனல்லன்! அந்த மனுசனுடைய காலில் என்னை மூன்று தரம் விழுத்தியிருக்கிறார்கள், நான் வீட்டில் விறாந்தையில் இருந்து தங்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கையிலே.

அவராவது பேசாமல் இருந்தாரா? பதில் போடவில்லை, சரி. ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டித் திரிகிறார். நான் தலைமயிர் வெட்டப் போனேன். சலூன்காரர் துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கேதீஸ் அண்ணை வந்தவர். உங்கடை மெசேச்சைக் காட்டினவர். மூண்டு தரம் கேட்டிட்டியளாம் எண்டு." கழுத்தில் துணி கட்டியிருந்தபடியால் எழும்பி ஓட முடியவில்லை. வாழைக்குலைச் சங்கத்தில் காட்டியிருக்கிறார். கோயில் வீதியில் கச்சான் கடலை விற்கிற மனுசிக்கும் காட்டியிருக்கிறார். இப்போது நான் வெளியே இறங்கினால் ஊரார் என்னைப் பார்க்கும் பார்வையே வேறு. "இன்னும் பதில் வரேல்லையோ அண்ணை? வரும், வரும், கவலைப்படாதையுங்கோ" என்று ஆறுதல் வேறு. அவர்கள் கோபித்தால்கூடத் தாங்கலாம், ஐயா, இந்த இரக்கம்தான் தாங்க முடியாமல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "போனது போனதுதானே. அவர் என்ன பிறத்தியாரே? என்ரை அண்ணைதானே" என்றாள். அனுப்பியது நானில்லை என்று விளக்கினேன். "நீங்கள் அனுப்பமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் அனுப்பியிருந்தால் நான் நேர்த்தி வைச்சு அடிச்சிருப்பன் நூற்றெட்டுத் தேங்காய்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. வெங்காயமாக்கும் என்று நான் எழும்பிப் போய்விட்டேன். கணக்கை அழித்துவிடுவோம் என்று போனால் அழிக்கிற இடம் ஒளித்து வைத்திருக்கிறது. தேடிப் பிடித்து அமத்தினால், 'நிச்சயமாகப் போகிறீர்களா? பார்த்தீபன் உங்களைத் தேடுவார்' என்று அவன் படத்தைக் காட்டுகிறது. யார் பெயரில் யார் அழுவது? நான் அனுப்பாததை அனுப்பினேன் என்கிறான் கொம்பனிக்காரன், அழாத பார்த்தீபன் அழுவான் என்கிறான். எங்கள் வாய்க்குள் தன் நாக்கை வைத்துக் கதைக்கிற இந்த விளையாட்டுக்குப் பெயர் சேவையாம்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, கேதீஸ்வரன் தங்கள் பத்திரிகையின் நீண்டகால வாசகர் என்பது எனக்குத் தெரியும். மேலே நான் எழுதிய மறுப்பை அவர் கண்ணில் படும்படியாக, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்திலே, தடித்த எழுத்தில் போட்டுத் தாருங்கள். தங்கள் நிருபர் சுதாகரனிடம் தொலைபேசியில் விடயத்தைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போடுவதாக வாக்குத் தந்திருக்கிறார். என் பெயரை இம்முறையாவது விடாமல் அச்சடிக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் முருகன் நீண்ட ஆயுளையும், யாரும் களவெடுக்க முடியாத கடவுச்சொல்லையும் அருள்வானாக.

இங்ஙனம்,
எவருடைய பதிலுக்காகவும் காத்திராத,
நா. அருளம்பலம்.

பி.கு.: ஐயா, அவசரம். இதை முதலில் வாசியுங்கள். மேலே எழுதியதைப் போட வேண்டாம். சுதாகரனுக்கு அடித்தேன், அவர் போன் நிற்பாட்டிக் கிடக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதத்தையே பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். சற்று முன் உறையை ஒட்டப் போகையில் படலையில் யாரோ தட்டினார்கள். கேதீஸ்வரன். கையில் போன். வானத்தையும் பார்க்கவில்லை, சங்கிலியையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் சொன்னார்: "மச்சான், குறை நினையாதையும். நீர் பெரிய மனசு வைச்சு முதல் கதைச்சிட்டீர். எனக்கு உதிலை எங்கை அமத்திறதெண்டு பிடிபடேல்லை. சலூனிலை காட்டிக் கேட்டன், சங்கத்திலை கேட்டன், கச்சான்காரியட்டையும் கேட்டுப் பாத்திட்டன், ஒருத்தருக்கும் தெரியேல்லை. நீர் திருப்பித் திருப்பிக் கேக்கிறீர், நான் பதில் சொல்லாமல் இருக்கிறன் எண்டு எனக்கு ராவிலை நித்திரை இல்லை." ஐயா, அந்த மனுசனுக்கு மூக்கு விடைத்திருந்தது, அழுகிறவர்களுக்கு விடைப்பது போல. நான் "இஞ்சை தாரும்" என்று போனை வாங்கி, கடவுச்சொல் கேட்ட கட்டத்தை வெறுமையாகவே விட்டு, 'ஏற்றுக்கொள்' என்ற இடத்தை அவருக்காக நானே அமத்தினேன். மாமாவின் மரண அறிவித்தல் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது உள்ளே இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். கனகாம்பிகை அடுக்களையில் நிற்கிறாள், இம்முறை வெங்காயம் ஒன்றும் உரிக்கவில்லை.

அந்தக் கொம்பனிக்காரரைத் தாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் என் பெயரோடு ஒரு வரியும் வேண்டாம். மச்சான் காலையில் பல் விளக்க முதலே தங்கள் பத்திரிகையைத்தான் விரிப்பார். அந்த அழைப்பை நான் அனுப்பவில்லை என்பது அவருக்கு ஒருநாளும் தெரிய வரக்கூடாது.