முப்பத்தோரு வரித் தேத்தண்ணி

ஐம்பத்து மூன்றாவது வயதில் நான் ஒரு தீர்மானம் செய்தேன். மின்சார மூளைக்குக் கட்டளை எழுதுகிற மனிதனாகிவிடுவது. தீர்மானம் பெரியது. செய்த இடம் சின்னது. ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், டீமேக்கர் குவாட்டர்ஸ், குசினி வாசல்.

அந்த டீமேக்கர் நான்தான். சிதம்பரநாதன். கொழுந்தை வாடவிட்டு, அரைத்து, புளிக்கவிட்டு, வறுத்து, சலித்து, நாளொன்றுக்கு இரண்டாயிரம் இறாத்தல் தேயிலை செய்து அனுப்புகிறவன். சீமையில் யாரோ ஒரு சீமாட்டி அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடி ரசிப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தேயிலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி போட எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முப்பது வருஷமாக அவசியம் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டவள் மனோரஞ்சிதம், என் மனைவி.

தீர்மானத்துக்குக் காரணம் ஒரு புத்தகம். எங்கள் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பி, கணக்குப் போடும் மின்சார மூளை யந்திரம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அறுபத்து நாலாம் வருஷ நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பரிசாக, அங்கிருந்து அனுப்பியிருந்தார். புதிதாகப் படிப்பவர்களுக்கான முதல் புரோகிராம்கள். புரோகிராம் என்றால் யந்திரத்துக்கு எழுதிக்கொடுக்கும் கட்டளை வரிசை.

அந்த யந்திரத்தோடு பேச ஒரு பாஷை அல்ல, பல பாஷைகள். எல்லாப் பாஷையிலும் முதல் பாடம் ஒன்றுதான். இரண்டு எண்ணை வாங்கு, கூட்டு, விடையை அச்சடி. ஃபோர்ட்ரானில் அது துரை பேசுகிற மாதிரி, நாலே வரி. அல்கோலில் 'பிகின்' என்று தொடங்கி 'எண்ட்' என்று முடிகிறது, காப்புக் கட்டிக் காப்பு அவிழ்க்கிற திருவிழா மாதிரி. கோபால் என்று இன்னொன்று. அது பெரிய கிளாக்கர் எழுதுகிற மனு. ஆள் யார், எந்த இடம், கைவசம் என்னென்ன சாமான் என்று மூன்று பகுதி எழுதிவிட்டு நாலாவது பகுதியில்தான் கூட்டவே தொடங்குகிறது. ஆனால் மூன்றிலும் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு! எனக்கு மெய் சிலிர்த்தது. மூன்று கோயிலுக்குள் நுழைந்தேன். மூன்றிலும் ஒரே சாமி.

அந்த நேரம் பார்த்து மனோரஞ்சிதம் வந்தாள். கையில் ஒரு கடிதம்.

"என்னங்க, பூண்டுலோயாவிலேர்ந்து தங்கச்சி அழகம்மா எழுதியிருக்கா. அவ மகளுக்கு தை இருபது கல்யாணம். பத்து நாள் முந்தியே என்னைய வரச் சொல்றா."

"போகலாம், போகலாம்."

"அந்தப் புள்ள பெரிய மனுஷியானப்பவும் போகலாம் போகலாம்னீங்க. அவங்க வீடு குடிபோனப்பவும் அதேதான். பதினோரு வருஷமா ரெண்டு 'போகலாம்' சொல்றீங்க. ஒத்தை 'போ' மட்டும் வாயில வரமாட்டேங்குது."

"நீ போயிட்டா காலையில தேத்தண்ணிக்கு நான் என்ன செய்வேன்?"

"பேக்டரி முழுக்கத் தேயிலைய வச்சிக்கிட்டு என்கிட்ட கேக்குறீங்களே!"

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு மனுஷிக்கு அவள் கூடப்பிறந்தவளைப் பார்க்கத் தடையாக ஒரு கோப்பைத் தேத்தண்ணி நிற்கலாமா? நிற்கக்கூடாது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக் குளிரில் இந்த நியாயமெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. எங்கள் ஒரே மகளையும் நோர்வூட்டில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் வேறு ஆளில்லை. ஆகவே பேச்சை மாற்றுவது என்று முடிவு செய்தேன். புத்தகம் கையில் இருந்தது. திட்டம் தயார்.

"மனோரஞ்சிதம், இங்க வா. ஒரு அதிசயம் காட்டுறேன்."

உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். ஃபோர்ட்ரான், அல்கோல், கோபால்.

"இந்தக் கோபால் எந்தத் தோட்டங்க?"

"ஆள் இல்லடி, பாஷை!"

"சரி. அந்த மெஷினுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாது! அதான் அதிசயம். சுயபுத்தி கிடையாது. எழுதிக் குடுத்ததை வரி வரியாச் செய்யும். எழுதாததைச் செய்யாது. கேள்வி கேக்காது."

"சாப்பாடு?"

"வேணாம்."

"குறை சொல்லுமா?"

"சொல்லாது."

பெருமூச்சு விட்டாள். யந்திரத்தைக் கண்டு வியக்கிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன். கூட்டல் வேணாம், நமக்குத் தெரிஞ்சதா. தேத்தண்ணி போடுறது."

ஐந்து நிமிஷத்தில் ஐந்து வரி எழுதினேன். ஒன்று, அடுப்பை மூட்டு. இரண்டு, கேத்தலை வை. மூன்று, தேயிலை போடு. நாலு, சீனி போடு. ஐந்து, கோப்பையில் ஊற்று. ஃபோர்ட்ரான் போலச் சுருக்கம்.

"இந்தா. இதைப் பாத்துப் போட்டுக் கொண்டா."

"நானா? நான் பழகுனவங்க. எழுதாததையும் கை தானாச் செஞ்சிடும். அப்பறம் நீங்க எழுதுனது சரியா பிழையான்னு எப்படித் தெரியும்?"

நான் ஆடிப்போனேன். புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இதே விஷயம் இருந்தது. யந்திரம் இல்லாதவர்கள், வேலை தெரியாத ஒருவரை யந்திரமாக வைத்துப் புரோகிராமைச் சோதிக்கலாம்! ஆறாம் வகுப்போடு நின்றவள், சீமைப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தைப் படிக்காமலே சொல்லிவிட்டாள்.

"அப்ப மெஷினா யாரை வைக்கிறது?" என்றேன்.

"இந்த வீட்டுல தேத்தண்ணி போடத் தெரியாத ஆள் யாருங்க?"

மறுநாள் விடியற்காலை குசினியில் நான் யந்திரமாக நின்றேன். அவள் பலகையில் உட்கார்ந்து, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் வாசிக்கிற கங்காணியைப் போல வாசித்தாள்.

"ஒண்ணு. அடுப்பை மூட்டு."

அடுப்பைப் பார்த்தேன். சாம்பல்தான் இருந்தது. "விறகு?"

"மெஷின் கேள்வி கேக்காதுங்க."

அப்படியே நின்றேன். விறகுக்கு ஒரு வரி, தீக்குச்சிக்கு ஒரு வரி சேர்த்தாள். பிறகு கேத்தலை வைத்தேன். தண்ணீர் பற்றி எழுதவில்லை, ஆகவே ஊற்றவில்லை. தேயிலை போடச் சொன்னாள். மூடியைத் திறக்கச் சொல்லவில்லை, ஆகவே மூடிமேல் போட்டேன். சீனியும் அதன்மேல். கேத்தல் காய்ந்து கருகிய நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பொன்னையா ஓடிவந்தார். தோட்டத்து டிஸ்பென்சர் அவர்.

"என்ன தங்கச்சி, ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. அவுக மெஷினா இருக்காக."

பொன்னையா என் கைநாடியைப் பிடித்துப் பார்த்தார். "இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்று போய்விட்டார்.

ஆனால் எனக்கு வெறி பிடித்துவிட்டது. தினமும் விடியற்காலை ஒரு சோதனை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வரி. 'அடுப்பு பற்றியதா? இல்லையென்றால் முந்திய வரிக்குத் திரும்பி ஊது' என்று அவள் ஒரு வரி எழுதினாள். அன்று பத்தொன்பது தடவை திரும்பினேன். கண்ணில் நீர். ஆனாலும் என்ன அற்புதம்! ஒரே வரி பத்தொன்பது தடவை வேலை செய்கிறது. இதற்குப் புத்தகத்தில் இரண்டு பக்க விளக்கம் இருந்தது. அவள் கேத்தலைப் பார்த்துக்கொண்டே எழுதிவிட்டாள்.

இன்னொன்றும் கண்டேன். தண்ணீர் கொதிக்குமுன் சத்தம் போடும். கொதிக்கும்போது சத்தம் அடங்கும். பாடும்போது அல்ல, பாட்டு நிற்கும்போது தேயிலை போட வேண்டும். இது பதினேழாம் வரி. முப்பது வருஷம் தேயிலை செய்தவனுக்கு இது தெரியாது. அந்த நிமிஷம் ஜன்னல் வழியே பார்த்தேன். ஆட்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்பு இன்னும் அடிக்கவில்லை. பனிக்குள்ளே தொழிலாளர் வீட்டு வரிசைகள், கீழ் லயம், நடு லயம், மேல் லயம், எல்லாக் கூரையிலிருந்தும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு புகைக்கும் அடியில் ஒருத்தி, எழுதாத வரியை வரிசை பிசகாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இருநூறு யந்திரம் என்று நினைத்தேன். பிறகு திருத்திக்கொண்டேன். யந்திரம் நான்தான். அவர்கள் புரோகிராம் எழுதுகிறவர்கள். மலைக்கு முன்னால் நிற்கிறவனைப் போல நின்றேன்.

"அடுத்த வரி செய்யுங்க. சாயம் கடுத்துடும்" என்றாள்.

தேத்தண்ணி வரி முப்பத்தொன்றோடு முடிந்தது. கடைசி வரி, 'மறுநாள் காலை முதல் வரிக்குத் திரும்பு.'

"அபாரம்! முடிவே இல்லாத புரோகிராம்!" என்றேன்.

"புத்தகத்துல ஒரே வேலைய மூணு பாஷையில எழுதியிருக்கு. நாம ஒரே பாஷையில மூணு வேலை எழுதினா என்னங்க?"

சோறு நாற்பத்திரண்டு வரி. ரசம் முப்பத்தெட்டு. சம்பல் பதினாறு. அவள் சொல்ல, நான் எழுத, நான் செய்ய, நான் தின்ன. பத்து நாளாகப் பூண்டுலோயா என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. என் திட்டம் பலித்துவிட்டது. அவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. இப்படி ஏமாற்றலாமா என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி. ஆனால் ரசம் நன்றாக வந்திருந்தது.

தை பத்து, சனிக்கிழமை விடியற்காலை. பொன்னையாவையும் அவர் மனைவி ராசம்மாவையும் அழைத்தேன். யாரும் வாசிக்கவில்லை. யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. நானே முப்பத்தோரு வரியையும் ஓட்டி நாலு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன்.

பொன்னையா ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி போட்ட மாதிரியே இருக்கு!"

என் கண் கலங்கியது. மனோரஞ்சிதமும் குடித்தாள். என் கையால் அவள் குடித்த முதல் தேத்தண்ணி. மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே இருக்காங்க, சொல்லுங்க. இனி இந்த மெஷினுக்குப் பக்கத்துல ஆள் வேணுமா?"

"வேண்டவே வேண்டாம்! ஒரு தடவை எழுதிட்டா ஆள் எங்க வேணா போகலாம். அதுதானே இதோட மகிமை!"

"ராசம்மா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன் அக்கா."

மனோரஞ்சிதம் கதவுக்குப் பின்னால் கையை விட்டாள். டிரங்குப் பெட்டி வந்தது. அப்போதுதான் கவனித்தேன், விடியற்காலையிலேயே பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"ஏழு மணிக்கு ராகலையில பஸ். நுவரெலியாவுல மாறி, மத்தியானத்துக்குப் பூண்டுலோயா. வர்றேங்க."

"அடியே, நான்…"

"மெஷின் குறை சொல்லாதுங்க."

பெட்டியைப் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவன் நான். அதற்கு வரி எழுதப்படவில்லை. எழுதாததையும் கை தானாகச் செய்தது. பஸ் ஜன்னலில் அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக நான் பார்க்காத முகம். இதைத் தடுக்கவா இவ்வளவு புத்தி செலவழித்தேன் என்று நினைத்தபடி மலை ஏறினேன்.

திரும்பி வந்தபோது குசினியில் ராசம்மா உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு மெஷினுக்கும் ஒரு காப்பி வேணும் ஐயா" என்றாள். மறுநாள் பொன்னையா வீட்டிலிருந்து ஊதுகிற சத்தம் கேட்டது. இருபத்துமூன்று தடவை எண்ணினேன்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. நானும் ஒரு நாள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவள் வரவேண்டும். விடியுமுன்னே எழுந்து, அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டு மூடிவைத்துவிட்டு வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. தபால் வந்தது. ஒரு தபால் அட்டை.

'பொண்ணும் மாப்பிள்ளையும் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். இன்னும் பத்து நாள் இருந்து வருகிறேன். நீங்கள் முதல் வரிக்குத் திரும்பவும்.'

முதல் வரி, விறகை எடு. எடுத்தேன்.