மூன்று பந்தும் ஒரு தையலும்

பெண்டாட்டி வீட்டில் இல்லாமல் ஒரு டெஸ்ட் மேட்சை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை பார்த்துவிடுவது என்று சிவகாசி செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஆனி மாதத்தில் முடிவெடுத்தார். அதை நிறைவேற்ற ஒரே ஒரு பொய் போதும். அவர் பாதுகாப்புக்காக இரண்டு சொன்னார்.

காலண்டர் அச்சகத்தைத் தம்பி மகன் ஹரிஷ்குமாரிடம் ஒப்படைத்த பிறகு அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை. கம்பெனிக்குப் போனால் எழுந்து நின்று நாற்காலி போடுகிறார்கள். ஆனால் யாரும் எதையும் கேட்பதில்லை. அதனால் மனசு முழுவதையும் கிரிக்கெட் பந்துக்குக் கொடுத்துவிட்டார். ஆட்டத்துக்குக்கூட இல்லை, பந்துக்கு. வேகப்பந்து வீச்சாளர்களை ஊரே விக்கெட்டை எண்ணி ஒப்பிடுகிறது. எந்தப் பந்தில் எடுத்த விக்கெட் என்று யாராவது கேட்கிறார்களா? ஆஸ்திரேலியாவில் கூக்கபரா பந்து. அதன் ஓரத்தையல் மெஷின் தையல், சீக்கிரம் அமுங்கிவிடும். அப்புறம் பந்து ரயில் மாதிரி நேராகத்தான் போகும். இங்கிலாந்தில் டியூக்ஸ். முழுக்கக் கைத்தையல், மேலே நல்ல பளபளப்பு, வெகுநேரம் காற்றில் வளையும். நம் ஊரில் எஸ்.ஜி. தையல் எடுப்பாக நிற்கும், ஆனால் நம் கட்டாந்தரையில் சீக்கிரம் சொரசொரத்துப் போகும். பழைய பந்தை எதிர்ப்பக்கம் வளைக்கிற ரிவர்ஸ் ஸ்விங் தெரிந்தவன் அதை வைத்துப் பிழைத்துக்கொள்வான். ஆகவே டியூக்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவனைவிட, பழைய கூக்கபராவில் இரண்டு எடுத்தவனே பெரியவன். இது அண்ணாச்சியின் கட்சி.

இதற்கு எதிர்க்கட்சியும் ஒன்று இருந்தது. பேர் ராஜபாண்டியன், அச்சு மை வியாபாரி. வருஷக்கணக்காக டீக்கடையில் நின்று மறுத்துப் பேசியவர், மகன் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் நீளநீளமாகப் பேசி அனுப்புவார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அந்தக் கட்டைவிரலை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டியாவது ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

மிச்சம் இருந்தது மனைவி தங்கத்தாய். பந்துக்குத் தையல்தான் எல்லாம் என்று ஒருநாள் அவளிடம் ஆரம்பித்தார்.

“வீட்டுக்கும் அப்படித்தான். உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றாள். தையல் என்றால் பெண் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அவள் மறக்கவில்லை. கூக்கபரா ஒரு பறவையின் பேர் என்றார். முட்டை போடுமா என்று கேட்டாள். டியூக்ஸ் என்றார். யார்கூட டூ விட்டீக என்றாள். அத்தோடு அண்ணாச்சி அவளிடம் பந்துப் பேச்சை விட்டுவிட்டார்.

போதாததற்குச் சாயங்காலம் ஆறரைக்கு மேல் டி.வி. அவளுடையது. இங்கிலாந்தில் பந்து பழசாகிற நேரம், அண்ணாச்சியின் கட்சிக்கு ஆதாரம் கிடைக்கிற நேரம், இங்கே சீரியலில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் எதையாவது கலந்துகொண்டிருப்பாள்.

ஆகவே பொய். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஐஸ்வர்யா அம்மாவைத் தேடி போனில் அழுததாகத் தங்கத்தாயிடம் சொன்னார். உன் அம்மா உன்னை நினைத்து அழுகிறாள் என்று மகளிடம் சொன்னார். தங்கத்தாய் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்றாள். இத்தனை லேசாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அதிலேயே சுதாரித்திருக்க வேண்டும். விருதுநகரில் தன் தங்கச்சி யோகேஸ்வரியின் வீட்டுக்காரர் ரயில் ஏற்றிவிடுவார் என்று சொல்லி, முறுக்கு டப்பாவோடு பஸ் ஏறினாள்.

முதல் நாள் சொர்க்கம். ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பார்த்தார். பந்து அவர் சொன்ன மாதிரியே வளைந்தது. “பாத்தியா?” என்று திரும்பினார். சோபாவில் அவள் மடித்து வைத்துப்போன போர்வை இருந்தது.

பொழுது சாய, பட்டாசுக் கம்பெனி வேன்கள் தெருமுனையில் பெண்களை இறக்கிவிட்டுப் போயின. அவர்கள் பேசிக்கொண்டே நடந்து மறைந்ததும் தெரு வெறிச்சென்று ஆனது. அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இங்கிலாந்துக்காரர்கள் கைதட்டுவது சமையலறை வரைக்கும் கேட்டது. அங்கே தட்டில் தயிர்ச்சோறு போட்டுக்கொண்டிருந்தவருக்கு அது தனக்குத் தட்டுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் பெரிய சம்பவம். பந்து மெத்தென்று போய்விட்டது என்று கேப்டன் முறையிட, அம்பயர் அதை அளவு பார்க்கும் வளையத்துக்குள் விட்டுப் பார்த்துவிட்டு வேறு பந்து கொடுத்தார். பெருமை பிடித்த டியூக்ஸே மெத்தென்று ஆகிவிட்டால் ஒப்பீடெல்லாம் என்ன ஆவது? அண்ணாச்சி உடனே போனை எடுத்தார். ஓசூருக்குச் சொன்னார். கட்டைவிரல் வந்தது. பால்காரரிடம் சொன்னார். நாளைக்கு எத்தனை லிட்டர் என்று அவர் கேட்டார்.

கடைசியில் பெருங்காய டப்பா எங்கே என்று கேட்கிற சாக்கில் தங்கத்தாய்க்குப் போன் போட்டார். டப்பாவில் ஆரம்பித்துப் பந்தில் முடித்தார். அவள் பொறுமையாக ‘ம்’ கொட்டினாள். அப்புறம் நிதானமாகக் கேட்டாள்: “வானம் மூட்டமா இருந்தா, மூணுல எந்தப் பந்து கூடுதலா வளையும்?”

அண்ணாச்சி அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்ட முதல் கிரிக்கெட் கேள்வி அது.

அடுத்த நாள் சீக்கிரமே கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் மேட்சைச் சரியாகப் பார்க்கவே இல்லை, அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில். எல்லாம் சொல்லி முடித்துப் போனை வைத்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிடும்.

அவளாகத் திரும்பி வரட்டும் என்று குழாய் உடைந்துவிட்டது என்றார். பிளம்பர் நம்பர் சொன்னாள். கால் சுளுக்கிக்கொண்டது என்றார். எந்தக் கால் என்று கேட்டாள். அவர் சட்டென்று குனிந்து இரண்டு காலையும் பார்த்தார்.

“முடியல தங்கம்” என்றார் கடைசியில். “வீடு கிடக்கிற கிடைக்கு உள்ள இருக்க முடியல. நானே கோயம்புத்தூர் வந்து கூட்டிட்டு வாரேன்.”

அந்தப் பக்கம் தங்கத்தாய் சிரித்தாள்.

“அம்புட்டுத் தூரம் எதுக்குப் போறீக? விருதுநகருக்கு வாங்க. அன்னைக்குப் பஸ்ஸ விட்டு இறங்கினதுல இருந்து யோகேஸ்வரி வீட்லதான் இருக்கேன்.”

அவர் பொய் சொன்ன அன்றே அம்மாவும் மகளும் பேசிவிட்டார்கள். யார் அழுதது என்று இருவரும் ஒருவரையொருவர் விசாரித்து, கடைசியில் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். யோகேஸ்வரி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே டி.வி.யில் கடைசி நாள் ஆட்டம் ஓடியது. அதன் முன்னால் யோகேஸ்வரியின் கணவர் சங்கையாவும், அவரோடு பருப்பு வியாபாரம் பண்ணும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சோபாவில் தங்கத்தாய்.

“டியூக்ஸ்ல அஞ்சு விக்கெட் எடுத்தவனவிட, பழைய கூக்கபராவுல ரெண்டு எடுத்தவன்தான் பெரியவன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மறுத்துப் பேசினார். அவரை அவள் ஓரத்தையலை வைத்தே மடக்கினாள். போனில் சொன்னதில் ஒரு சொல் சிந்தவில்லை. சொல்லப்போனால் அண்ணாச்சி சொன்னதைவிடத் தெளிவாக இருந்தது.

அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எஸ்.ஜி. பந்தை மட்டும் விட்டுவிட்டாளே, எடுத்துக்கொடுக்கலாம் என்று வாசற்படியில் நின்றபடியே வாயைத் திறந்தார்.

சங்கையா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டி அமர்த்தினார்.

“அண்ணாச்சி, அங்கன உக்காந்து சும்மா கேளுங்க. மதினிக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”