நானூற்றுப் பன்னிரண்டு பத்திரமான தரையிறக்கங்கள்

மேசை விமானி என்றொரு இனம் இருக்கிறது. பார்த்ததில்லையா? கனடாவில் எங்கள் மனிடோபா மாகாணத்தில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை எந்த வீட்டு நிலவறைக்குள் எட்டிப் பார்த்தாலும் ஒருவர் அகப்படுவார். மேலே முற்றத்தில் இடுப்பளவு பனி கிடக்கும். கீழே நம் ஆள் அரைக்கால் சட்டையோடு, கழுத்தில் பட்டை மாட்டி, அந்தப் பட்டையில் இரண்டு குச்சி வைத்த பெட்டியைத் தொங்கவிட்டு, அதன் முதுகிலிருந்து ஒரு கேபிளை இழுத்துக் கணினியில் சொருகிக்கொண்டு, திரையில் ஓடும் பொம்மை விமானத்தோடு சேர்ந்து நாற்காலியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்ந்துகொண்டிருப்பார்.

அந்தப் பெட்டியை மட்டும் ரிமோட் என்று சொல்லிவிடாதீர்கள். முகம் சிவந்துவிடும். "ரிமோட் டிவிக்கு. இது டிரான்ஸ்மிட்டர்!"

அவருடைய நாள் பறப்பதில் தொடங்குவதில்லை, கேபிளில் தொடங்குகிறது. முதல் கேபிளைச் சொருகினால், 'இது என்ன சாதனம் என்று தெரியவில்லை' என்று கணினி கைவிரிக்கும். இரண்டாவது கேபிள் வாங்குவார். அதன் முனை டிரான்ஸ்மிட்டரின் ஓட்டையில் நுழையாது. அதை நுழைக்க ஒரு இணைப்பான், அந்த இணைப்பானை நிமிர்த்த இன்னொரு இணைப்பான். இப்போது சிமுலேட்டர், அதாவது பொம்மை விமானம் பறக்கவிடப் பழக்கும் அந்தக் கணினி விளையாட்டு, அவரை அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் குச்சியைத் தொடாமலே விமானம் இடப்பக்கம் உருளும். இணையக் குழுவில் கேள்வி போடுவார். 'எனக்கும் இதேதான், தீர்வு கிடைத்ததா?' என்று பதினோரு பேர் பதில் போட்டிருப்பார்கள். அந்தப் பதினோரு பேரும் அவருக்கு ரத்த சொந்தம் மாதிரி ஆகிவிடுவார்கள்.

பிறகு அளவு பொருத்தும் சடங்கு. 'இரண்டு குச்சிகளையும் எல்லைவரை வட்டமாகச் சுற்றவும்' என்று திரை சொல்லும். சுற்றுவார். மாவு கரைப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, பயபக்தியோடு சுற்றுவார். திரையில் பச்சைக் கோடுகள் எழுந்து ஆடும். எல்லாம் அசைகிறது! ஆகா!

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான்தான் அந்த ஆள். பெயர் கேலன். வயது இருபத்து மூன்று. பிராண்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலவறை. கேபிள்கள் நான்கு, இணைப்பான்கள் மூன்று. திரையில் மொத்தம் நூற்று நாற்பது மணி நேரம், நானூற்றுப் பன்னிரண்டு பத்திரமான தரையிறக்கங்கள். விழுந்தவற்றுக்குக் கணக்கில்லை. விழுந்தால்தான் இடது கட்டைவிரல் இருக்கிறதே! விசைப்பலகையின் இடைவெளிப் பொத்தானை ஒரு தட்டு. விமானம் புத்தம் புதிதாக ஓடுபாதையில் வந்து நிற்கும். அந்தத் தட்டு எனக்குக் கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டது.

சும்மா இருந்தேனா? ஃப்ளோரிடாவில் முப்பது வருஷமாக நிஜமாகவே பறக்கவிடும் ஒருவருக்கு, பக்கக் காற்றில் எப்படி இறங்க வேண்டும் என்று குழுவில் மூன்று பத்தி எழுதினேன். சிமுலேட்டரில் நான் காற்றை 'மிதமானது' என்ற அளவுக்கு மேல் வைத்ததே இல்லை. அவர் நன்றி சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை!

நிஜ விமானமும் ஒன்று வைத்திருந்தேன். மெல்லிய கட்டைச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, மஞ்சள் உறை போர்த்தி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தது. சிரிக்காதீர்கள், அதற்கு டாரிஸ் என்று பெயர் வைத்தேன். ஜனவரியிலேயே முடித்து, இறக்கையிலும் வாலிலும் அசைகிற மடல்கள் எல்லாம் குச்சிக்குச் சரியான பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்து, சுவரில் மாட்டிவிட்டேன். பனி உருகியதும் எங்கள் ஊர் பொம்மை விமானச் சங்கத்தின் பரீட்சையில் தேறினால் தனியாகப் பறக்கவிட ஓர் அட்டை தருவார்கள். அந்த அட்டைமேல் எனக்கு இருந்த ஆசையை எழுத இந்த விசைப்பலகை போதாது.

மார்ச்சில் சிமுலேட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் குச்சியை என் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகாமல் கீழே குத்தியது. என்ன செய்திருக்க வேண்டும்? சிமுலேட்டரின் அமைப்புக்குள் போய் அங்கே திருப்பியிருக்க வேண்டும். அதற்கு ஆறு பக்கம் தாண்டணும். டிரான்ஸ்மிட்டரிலோ இரண்டே தட்டு. தட்டினேன். திசை மாறியது, மூக்கு எழுந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அடுத்த அறுபது தரையிறக்கங்களை முடித்தேன்.

மே மாதம், சங்கத்தின் புல்வெளி. பரீட்சை வைப்பவர் மார்லிஸ். வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு பார்வையிலேயே நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற கண் அது.

"முதல் தடவையா? கேபிள் போட்டு என் டிரான்ஸ்மிட்டரோட சேர்த்துக்கலாமா? நீ தடுமாறினா கட்டுப்பாட்ட நான் வாங்கிக்குவேன்."

"வேணாம் மார்லிஸ். நூத்தி நாப்பது மணி நேரம் பறந்திருக்கேன்."

பொய்யா? ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கே பறந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அட, அப்படியா! சரி, சோதிச்சுக் காட்டு."

சோதித்தேன். இரண்டு குச்சிகளையும் எல்லைவரை வட்டமாகச் சுற்றினேன். மாவு கரைப்பதுபோலத்தான். டாரிஸின் மடல்கள் எல்லாம் படபடவென்று ஆடின. "எல்லாம் அசையுது!" என்றேன். வேலியருகே பெரிய குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த சங்க உறுப்பினர் ட்வேன், "தைரியசாலிதான் போல" என்றார். மார்லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் வேகத்தைக் கூட்டிவிட்டேன்.

டாரிஸ் ஓடினாள். ஒரு எலிவளை மேட்டில் துள்ளினாள். எழுந்துவிட்டாள்!

மூன்று வினாடி. அந்த மூன்று வினாடியை நான் என்னவென்று சொல்வேன்! வெயில் மஞ்சள் உறைக்குள் புகுந்து, நான் ஒட்டிய சட்டங்கள் ஒவ்வொன்றும் உள்ளேயிருந்து தெரிந்தன. எந்தத் திரையிலும் அது இல்லை. இன்னும் மேலே போகட்டும் என்று குச்சியை மெல்ல இழுத்தேன்.

மூக்கு கீழே சாய்ந்தது.

கீழே போனால் என்ன செய்ய வேண்டும்? நானூற்றுப் பன்னிரண்டு முறை கற்ற பாடம், இன்னும் இழு! இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. முட்டை ஓடு நசுங்கிய மாதிரிதான் இருந்தது. என் இடது கட்டைவிரல் டிரான்ஸ்மிட்டரை விட்டு இறங்கி, காற்றில் ஒரு பொத்தானைத் தட்டியது. மறுபடியும் தட்டியது.

"என்னப்பா தேடுற?" என்றார் மார்லிஸ்.

விழுந்த இடத்துக்கு நடந்தோம். சிமுலேட்டரில் இந்த நடை கிடையாது. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம்: யாருடையது விழுந்தாலும், பேட்டரி புகையவில்லை என்று உறுதியாகும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. எல்லோரும் வரிசையாகப் புல்லைப் பார்த்துக்கொண்டே நடந்து துண்டுகளைப் பொறுக்க வேண்டும். ட்வேன் ஒரு சக்கரத்தை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார்.

எங்கள் இனத்துக்கென்றே ஒரு சாக்கு உண்டு. அதை எடுத்தேன். "சிக்னல் கோளாறுன்னு நினைக்கிறேன். பக்கத்துல யாரோ..."

மார்லிஸ் உடையாமல் கிடந்த வாலைத் தூக்கிப் பிடித்தார். "குச்சிய இழு."

இழுத்தேன். மேலே நிமிர வேண்டிய மடல் கீழே மடங்கியது.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் கீழே. பேட்டரி புகையவில்லை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"சிக்னல் இல்ல மார்லிஸ். நான்தான் மாத்தி வச்சேன். சிமுலேட்டருக்காக."

"நூத்தி நாப்பது மணி நேரம் எங்க பறந்த?"

"வீட்ல."

"வீட்லன்னா, பின்னாடி தோட்டத்துலயா?"

"பேஸ்மென்ட்ல."

இப்போது ட்வேன் சிரித்தார். காபி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார். "ஏன்டா, கூரை இடிக்கலையா?"

மார்லிஸ் சிரிக்கவில்லை. தன் பழைய விமானத்தை எடுத்து வந்தார். என் டிரான்ஸ்மிட்டரில் அந்தத் திசையைத் திருப்பி வைக்கச் சொல்லி, ஒவ்வொரு மடலும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என்னையே வாய்விட்டுச் சொல்லவைத்து, அதன் பிறகு இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் சேர்க்கும் கேபிளை எடுத்தார். அதை எந்த ஓட்டையில் சொருகினார் என்கிறீர்கள்? குளிர்காலம் முழுக்க நான் கணினிக் கேபிளைச் சொருகிவைத்திருந்த அதே ஓட்டையில்!

"இந்த ஓட்டையே இதுக்குத்தான். நீ ஏதோ கம்ப்யூட்டருக்குன்னு நெனச்சியா?"

அவர் மேலே ஏற்றிக் கொடுத்தார். நான் வாங்கினேன். விரல் ஆடவில்லை. விமானம் என்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப் போகுமே, அந்தக் குழப்பத்தில்தான் புதியவர்கள் விழுவார்கள். என் விரல்கள் யோசிக்காமலே சரியான பக்கம் போயின. இரண்டு சுற்று.

"பேஸ்மென்ட் முழுசா வீணாப் போகல போல," என்றார்.

அட்டை? கிடைக்கவில்லை. மறு பரீட்சைக்கென்று ஜூன் இரண்டாவது சனிக்கிழமைக்கு நேராக என் பெயரைப் பென்சிலால் எழுதினார். பேனாவால் எழுதச் சொன்னேன். முறைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

டாரிஸின் வால் இப்போது என் கணினிக்கு மேலே தொங்குகிறது. அதற்குக் கீழேதான் இதை வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். சிரியுங்கள், பேட்டரி புகையவில்லை. என்னிடம் குச்சி வைத்த பெட்டியே இல்லை, எனக்கென்ன என்றுதானே நினைக்கிறீர்கள்? மேலதிகாரியிடம் பேச வேண்டியதைக் குளியலறையில் எத்தனை முறை பேசி ஜெயித்தீர்கள்? அடுப்பையே பற்றவைக்காமல் எத்தனை சமையல் காணொளிகளுக்குக் கீழே 'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்று எழுதினீர்கள்? போகட்டும். நாளைக் காலை நீங்களும் எதையோ பறக்கவிடப் போகிறீர்கள். எல்லாம் அசைகிறது என்று பார்த்துவிட்டீர்கள்.

சரி. எந்தப் பக்கம் அசைகிறது?