மூன்று ஊர் வெயிலும் ஒரு லாட்ஜ் பெட்ஷீட்டும்

என் சூரியகாந்தி மாமாவுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று கை தானாக எழுதப் போய்விட்டது. நிறுத்திவிட்டேன். போன வருஷம் போனவரிடம் நலம் விசாரிக்க எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை. நான் படித்த ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வரவில்லை, ஆறாம் வகுப்பில் இருந்திருக்குமோ என்னவோ.

தெருவே உங்களைச் சூரியகாந்தி என்று கேலி பண்ணியது உங்களுக்குத் தெரியும். ஆயுசு முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டிகளோடு பெட்டியாக நின்றுவிட்டு வருவீர்கள். நம் வீடோ பகலிலேயே விளக்குக் கேட்கும் வீடு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் வெயில் போகிற பக்கமெல்லாம் நகர்ந்து நகர்ந்து உட்காருவீர்கள். "ஓய்வு வரட்டும்டி, நல்ல ஊரா பாத்துப் போயிடலாம். வெயில் இருக்கணும், ஆனா சுடக் கூடாது. காத்து இருக்கணும், ஆனா ஆளைத் தூக்கக் கூடாது" என்பீர்கள். மருமகள் தேடுகிற மாதிரி ஊர் தேடினீர்கள். கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரேயடியாக ஓய்வு பெற்றுவிட்டீர்கள். ஊர் தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பிள்ளைகள் மூன்று பேரும் வந்து, இந்த இருட்டு வீட்டில் தனியாக இருக்கக் கூடாது, காலி பண்ணு, எங்கள் மூன்று ஊரையும் பார், எந்த ஊர் ஒத்துக்கொள்கிறதோ அங்கே இரு என்று சொன்னார்கள். அன்றைக்கு மூன்று பேரும் தங்கள் ஊர் வானத்தைப் பற்றிப் பேசிய பேச்சில் எனக்கே கண் கூசியது. எனக்கு வானத்தைப் பார்த்து ஊரை எடை போடத் தெரியாது. லாட்ஜில் துணி துவைத்துப் பிழைத்தவள். பெட்ஷீட்டைக் கொடியில் போட்டு, அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கன்னம் ஜில்லென்றால் இன்னும் காயவில்லை, அவ்வளவுதான் என் படிப்பு. மேனேஜர் கிழிசல் என்று கழித்துக் கொடுத்த பெட்ஷீட் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பெரியவன் ஊர். கடற்கரை, எட்டாவது மாடி, வெயிலுக்குப் பஞ்சமில்லை. பால்கனியில் பெட்ஷீட்டை விரித்தேன். மருமகள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை, இங்க துணி காயப்போடக் கூடாது அத்தை. உள்ளே மெஷின் இருக்கு, அதுலயே காஞ்சிடும்." "அப்ப இவ்வளவு வெயில் எதுக்கும்மா?" என்று கேட்டேன். "பாக்குறதுக்கு அத்தை" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் ஓரமாகக் கிளிப் போட்டு மாட்டினேன். கடல் காற்று கிளிப்பை மட்டும் எனக்கு விட்டுவிட்டு பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டது. அது ஆடி அசைந்து இறங்கி, கீழே வந்துகொண்டிருந்த குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கார் கண்ணாடியில் போய்ப் படுத்தது. மனுஷன் காரை நேராகக் காவலாளியின் கூண்டுக்குள் விட்டார். நல்லவேளை, காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார். அது தெரிந்து, டீ குடிக்கப் போனதற்கு ஒரு விசாரணை, பெட்ஷீட்டுக்கு ஒரு விசாரணை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பெரியவன் தலை நிமிராமலே சொன்னான்: "அம்மா, உனக்கு உப்புக்காத்து ஒத்துக்காது. தங்கச்சி ஊருதான் உனக்குச் சரி."

மகள் ஊர் மலை மேலே. மிதமான ஊர் என்றால் அப்படி ஒரு மிதம், வெயிலும் மிதம், வெளிச்சமும் மிதம், எதிர்வீடும் மிதமாகத்தான் தெரியும். கொடியில் போட்ட பெட்ஷீட் போட்ட நாளைவிட மறுநாள் கனத்தது. மாப்பிள்ளை தங்கமானவர். காலையில் எழுந்ததும் போனைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு நல்ல வெயில் அத்தை" என்பார். வெளியே ஓட்டில் மழை சடசடவென்று கொட்டும். "எங்க மாப்பிள்ளை வெயில்?" என்றால் போனைத் திருப்பிக் காட்டுவார். அதில் மஞ்சளாக, வட்டமாக, சிரித்துக்கொண்டு இருக்கும். வாரம் போயிற்று. பெட்ஷீட் மடிப்பில் காளான் மாதிரி ஏதோ முளைத்தது. மகள் என் முட்டியைத் தடவிக்கொண்டே, "அம்மா, உன் காலுக்குக் காய்ஞ்ச ஊரு வேணும். சின்னவன் ஊர்ல பாரு, வெயில் கொட்டிக் கிடக்கு" என்றாள். முட்டியைத் தடவும்போதே எனக்குத் தெரியும், பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று என்று.

கொட்டித்தான் கிடந்தது. சின்னவன் வீட்டு மாடியில் ஒரு பக்கம் கிளிப் போட்டு மறுபக்கத்துக்குப் போவதற்குள் பெட்ஷீட் அப்பளமாகிவிட்டது. கன்னத்தில் வைத்தேன், கன்னம் சிவந்தது. சரி, வெயில் அதிகம், நிழலில் இருந்துகொள்வோம் என்று உள்ளே வந்தால், மாமா, உள்ளே ராத்திரி! அவனுக்கு இரவு வேலை. பகலில் தூங்க வேண்டுமென்று ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை, அதன் மேல் அட்டை, அதன் மேல் டேப், நாள் பூராவும் ஏசி. உலகத்திலேயே வெயிலான ஊரில் நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்தேன். ஒருநாள் பல் கிட்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது, இத்தனை வருஷமும் நீங்கள் நின்றது இப்படி ஒரு இடத்தில்தானே என்று. வீட்டுக்கு வந்ததும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குடிக்காமலே இருப்பீர்கள். "ஆறுதே, குடிங்களேன்" என்று அதட்டுவேன். சூட்டைக் கைக்கு வாங்கிக்கொள்கிறீர்கள் என்று அங்கே போய் நடுங்கினால்தான் இந்த மண்டைக்கு ஏறுகிறது.

ஒருநாள் மூன்று பேரும் போனில் கூடினார்கள். சின்னவன் போனை மேசைமேல் வைத்திருந்தான், எல்லாம் காதில் விழுந்தது.

"அண்ணா, கடல் காத்து வயசானவங்களுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு" என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"எந்த டாக்டர்டா?"

"பொதுவா, டாக்டருங்க."

"இங்க உப்புல ஃப்ரிட்ஜே துருப்பிடிக்குதுடா, அம்மா என்ன ஆவாங்க?"

"அப்ப நான் என்னண்ணா பண்றது," என்றாள் மகள், "மலையைக் கொஞ்சம் வெயில் பக்கமாத் தள்ளி வைக்கவா?"

தன் ஊர் வானத்தை இப்படித் திட்டுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை. அடுத்தவர் ஊர் என்றால் மட்டும் சொர்க்கம்.

கடைசியில் பெரியவன் ஓர் இடம் கண்டுபிடித்தான். முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம், அதற்கு வேறு அழகான பேர் வைத்திருக்கிறார்கள். "வருஷம் முழுக்க இளவெயில்மா, மெதுவான காத்து. அப்பா கேட்ட ஊரு இதுதாம்மா" என்றான். மற்ற இரண்டு பேரும் உடனே, ஆமாம்மா, அப்பா கேட்ட ஊரேதான் என்றார்கள். மூன்று பேரும் ஒரே வானத்தை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். ஒற்றைக் கட்டில் போட்ட அறையாம். "ரெட்டைக் கட்டில் கிடைக்காதாடா?" என்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு எதுக்கும்மா?" என்றான். கல்யாணமான நாளிலிருந்து கட்டிலின் ஓரமாகவே படுத்துப் பழகியவள் நான். ஒற்றைக் கட்டிலில் ஓரம் எது, நடு எது? இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே திங்கட்கிழமை போகிறேன். சாமான்களை ஒழித்துக்கட்ட நம் வீட்டுக்கு வந்திருக்கிறேன், வாடகை வாங்குகிற வீட்டுக்காரரிடமும் காலி பண்ணுவதாகச் சொல்லியாயிற்று. போகிற இடத்துக்குப் போன் போட்டு, துணி காயப்போடக் கொடி உண்டா என்று கேட்டேன், நீங்கள் ஒன்றுமே துவைக்க வேண்டாம் என்று பாசமாகச் சொன்னார்கள். உங்கள் சார்பில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசி சொல்லிவிட்டேன், குறை வைக்கவில்லை. நீங்கள் தேடிய ஊரில் உங்களுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம், அதையும் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓரத்துக்காரி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பழைய சாமான்காரர் இரும்பு பீரோவை எடுக்க வந்தார். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்றே அது அந்தச் சுவரோரம் நின்றது, வெள்ளையடித்தபோதுகூட அதைச் சுற்றித்தான் அடித்தோம். ஆள் வைத்து நகர்த்தினால், பின்னால் ஒரு ஜன்னல், மாமா. முழு ஜன்னல், இரண்டு கதவு, கம்பி, கொக்கி எல்லாம் சரியாக. "என்னம்மா, இத்தனை வருஷம் பீரோவுக்கா காத்து வாங்கினீங்க?" என்று சாமான்காரர் சிரித்தார். கொக்கியைத் தட்டித் திறந்தார். அந்தப் பக்கம் மரக்கடையின் வெட்டவெளி, வெயில் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து நம் கட்டிலில் உங்கள் பக்கம் விழுந்தது. பீரோவைக் கொண்டுபோகச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் காலி பண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கும் போன் போட்டு, ஊர் கிடைத்துவிட்டது, யாரும் கஷ்டப்பட வேண்டாம் என்றேன். மூன்று பேரும் ஒரே குரலில், எந்த ஊரும்மா என்றார்கள். வைத்துவிட்டேன். இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், முதுகுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் மனசு ஆறவில்லை. தெரிந்தே மூடியிருந்தீர்கள் என்றால் உங்களோடு ஒரு மாதம் பேசமாட்டேன். தெரியாமலே முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலைந்தீர்கள் என்றால், அதை என்னால் நினைக்கவே முடியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் மாமா, அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?