நெருஞ்சி சாரின் இரண்டு பானைகள்

காலில் முள் தைத்ததற்காக ஆனந்தப்பட்ட ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் நெருஞ்சி சார்தான். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியவர். ஏனாத்தூர் வரப்புகளில் வெறுங்காலோடு நடப்பார். சுருக்கென்றால், "கெடச்சுட்டுதுபா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் நான் அவருக்குப் பக்கத்துப் போர்ஷன். சர்க்கரை வியாதி அவர் மனைவியின் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. கால் வீங்கியதில் மெட்டியைக் கழற்றி மாடத்தில் வைத்திருந்தார் அந்த அம்மா. நோய் நெருஞ்சிக் கஷாயத்துக்குக் கேட்குமா என்று கண்டுபிடிப்பதே சாரின் ஒரே கனவு.

"ஊர்ல வூட்டுக்காரருங்க பூ வாங்கிக்கினு வராங்க, நம்மவரு முள்ளு பொறுக்கிக்கினு வராரு" என்று அந்த அம்மா சிரிப்பார்.

தெருவின் சர்க்கரைக்காரர்கள் காலையில் சிறுநீர் சீசாவோடு வந்து நிற்பார்கள். சார் நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவார். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், முற்றினால் செங்கல் நிறம். நெசவுத் தெருக்காரர்களுக்கு நிறம் சொல்லித்தர வேண்டுமா?

"எனக்குக் கிளிப்பச்சைதான் சார்!"

"எனக்கு மாம்பழ மஞ்சள் வந்துக்கினு இருக்குது!"

வரிசையாக நிற்கும் அந்தக் கண்ணாடிக் குழாய்களில் சார் சொக்கிப்போய், பள்ளிக்கூட மணி அடித்ததும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆராய்ச்சிக்கு இரண்டு பானைகள். ஒன்றில் நெருஞ்சி, மற்றதில் தேயிலையால் நிறமேற்றிய வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூவுக்குத்தான் நெருஞ்சி என்பது சாருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அந்த அம்மாவுக்கு வெள்ளைப் பூ வந்தது. அன்றிலிருந்து இரண்டு பானையையும் சார் தானே காய்ச்சினார்.

சாயக்காரர் ஒருவர் பானை மாற்றிக் குடித்தபோது மட்டும் சார் தெருவே அதிரக் கத்தினார்: "ஆராய்ச்சின்னா நாணயம் வேணும்யா! சாமி குடுத்த பூவ மாத்துவியா நீ?"

ஒரு மத்தியானம். தறிச் சத்தத்தில் தெருவே கண்ணயர்ந்திருந்தது. சார் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். காலியான வெள்ளைப் பூப் பானையைக் கழுவலாமென்று கையை விட்டேன். சுருக்கென்றது. விரலில் நெருஞ்சி முள்.

"சார், இதுல எப்டி சார்...?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மொத நாள்லேர்ந்தே ரெண்டுலயும் அதாம்பா. அவளுக்கு வெறும் தண்ணிய எப்டி ஊத்துவேன்?"

அன்றைக்குத்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆராய்ச்சி பாழ். அந்த மெட்டி மறுபடி காலில் ஏறவேயில்லை. அந்த நோய் நெருஞ்சிக்குக் கேட்குமா, கேட்காதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்காவது முள் தைத்தால் நான் திட்டுவதில்லை. குனிந்து எடுத்து, "கெடச்சுட்டுது சார்" என்று சொல்லிக்கொள்கிறேன்.