இரண்டு ஜோடி பெடல் ரப்பர்

இனிமேல் இந்தக் காரில் யார் கால் வைக்கலாம் என்பதைச் சட்டப்படி முடிவு செய்துவிடுவது என்று ரூல்ஸ் தீர்மானித்தார். ரூல்ஸ் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். குழாயை எத்தனை திருகு திறக்கலாம் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு விதி உண்டு. விதி போடுவது அவர் வேலை. மற்றதெல்லாம் மனைவி வேலை.

முந்தின நாள் காலை சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது அவர் கால் வழுக்கியது. கார் போய், முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் முட்டியது. பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்கு மூக்கு சப்பை, அவருக்கு மானம் சப்பை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெடல் ரப்பர் மழித்த தலை மாதிரி வழவழவென்று இருந்தது. வரிப்பள்ளமெல்லாம் தேய்ந்து, ஓரத்தில் இரும்பே எட்டிப் பார்த்தது. கிளட்ச் ரப்பரும் அதே கதிதான்.

கார் ஒன்று, ஓட்டுகிறவர் இரண்டு பேர். ஒரு வாரம் அவர் ஆபீசுக்கு எடுத்துப் போவார். மறுவாரம் மனைவி, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போவாள். முறை இல்லாதவருக்குப் பஸ். அதுவும் இரண்டு பஸ் மாறி, கடைசியில் கால் மணி நேரம் நடை.

“நீதான் எப்பப் பாத்தாலும் கிளட்சு மேலயே காலை வச்சிருக்க. அதான் தேஞ்சு போச்சு,” என்றார் ரூல்ஸ்.

“மோதினது உங்க வாரத்துலங்க.”

“தேச்சது உன் வாரத்துல.”

அங்கேதான் விதி பிறந்தது. ரூல்ஸ் கடைக்குப் போய் இரண்டு ஜோடி ரப்பர் வாங்கி வந்தார். அவருக்கு ஒரு ஜோடி, அவளுக்கு ஒரு ஜோடி. உள்பக்கம் பெயிண்ட் புள்ளி வைத்து அடையாளம் செய்தார். ஞாயிறுதோறும் ஒருவருடையதைக் கழற்றி மற்றவருடையதை மாட்ட வேண்டும். ஆறு மாதம் கழித்து எந்த ஜோடி அதிகம் தேய்ந்திருக்கிறதோ, அதன் சொந்தக்காரருக்கு ஆயுளுக்கும் பஸ். மனைவி மறுப்பாள் என்று மூன்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவள் “சரிங்க” என்றாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு டிரைவிங் வாத்தியார் நடுவராக இருக்க ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பின்னால் தகராறு வரக்கூடாது என்றால், விதி போட்டவரே தன் கையால் மாட்ட வேண்டும். ரூல்ஸ் மார்தட்டி வாக்குக் கொடுத்தார்.

முதல் ஞாயிறு அவர் முறை. மண்டியிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைந்தார். தலை போனது, தோள் போனது, தொப்பை போக மறுத்தது. பழைய ரப்பர் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. புதியதோ, ஒரு ஓரத்தைத் தகட்டில் மாட்டினால் மறு ஓரம் எகிறியது. அரைமணி மல்லுக்கட்டிவிட்டு எழுந்தபோது தோள் ஹாரனில் சிக்கியது. அது அலறிய அலறலில் தெருவே ஜன்னலுக்கு வந்தது.

மனைவி ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரோடு வந்தாள். ரப்பரை நனைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்து விட்டாள். இரண்டு நிமிடத்தில் இரண்டு ரப்பரும் பெடலில் உட்கார்ந்தன.

அடுத்த ஞாயிறு முதல் அது அவள் இலாகா ஆனது. அவள் கிண்ணத்தோடு காருக்குள் குனிவாள். ரூல்ஸ் வாசலில் நாற்காலி போட்டு, பேப்பருக்குப் பின்னாலிருந்து மேற்பார்வை பார்ப்பார். வேலை முடிந்து அவள் உள்ளே போன பிறகு, மதில் மேல் வாத்தியாரின் தலை தெரியும்.

“மாத்தியாச்சா சார்?”

“இப்பதான். என் கையாலயே மாத்தினேன்.”

ஆறு மாதமும் இதைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது.

தீர்ப்பு நாள் வந்தது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரூல்ஸின் ஜோடியைப் பெடலிலிருந்து உரித்தார்கள். நடுவில் பாதி வரியைக் காணோம். மனைவி சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவிலிருந்து தன் ஜோடியை எடுத்து வந்தாள். வரிகள் உழுத வயலாக நின்றன. கிளட்ச் ரப்பரின் மேல், மிதிபடும் இடத்திலேயே, கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு கசங்காமல் இருந்தது.

ரூல்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆறு மாதமாக அவர் ரப்பரைத்தான் நாலு கால்களும் மிதித்திருக்கின்றன. அவளுடையது டப்பாவை விட்டே வெளியே வரவில்லை. “இது மோசடி” என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“வாரா வாரம் உங்க கையாலதானே சார் மாத்தினீங்க?” என்றார் வாத்தியார்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதை. இல்லை என்றால் ஆறு மாதப் பொய் சந்திக்கு வரும். ஆமாம் என்றால் ஆயுளுக்கும் பஸ். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றார் ரூல்ஸ், அவருக்கே கேட்காத குரலில்.

வாத்தியார் விலைச்சீட்டைத் தடவித் தடவி வியந்தார். முப்பது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறாராம், இவ்வளவு மெத்தென்ற காலை அவர் பார்த்ததே இல்லையாம்.

“என்கிட்ட என்ன சார் இருக்கு,” என்றாள் மனைவி, கார் சாவியை எடுத்துக்கொண்டே. “எல்லாம் இவரு மாட்டின கைராசி.”